முகத்தைக் கழற்றிக் கண் வைக்கும் கலை

ஜப்பானியச் சிற்பி கத்சுரா ஃபுனாகோஷி செதுக்கிய ஒரு மனிதர் உங்கள் எதிரே நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புக்கு மேலேதான் உருவம், கீழே மெல்லிய இரும்புத் தாங்கி. காலர் வைத்த சட்டை, படிய வாரிய தலை. அலுவலகத்தில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவர் போல ஒரு முகம். அந்த முகம் ஏறக்குறைய உங்கள் முகத்தின் உயரத்திலேயே இருப்பதால் பேச்சுக் கொடுக்கலாம் போலத் தோன்றும். ஆனால் கண்ணைச் சந்திக்கப் போனால் பிடி கிடைக்காது. இந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தப் பக்கம் நகர்ந்தாலும் அவர் பார்வை உங்களைத் தாண்டி எங்கோ போய்விடும்.

இரண்டு விழிகளையும் வெளிப்புறமாக ஒரு துளி விலக்கி வைத்திருப்பதால்தான் இப்படி. இன்னும் கிட்டே போனால் வேறொன்று தெரியும். முகம் மரம், கண் மரமில்லை. பளிங்குக் கல்லில் செய்து, கருவிழி தீட்டி, இமைகளுக்குப் பின்னால் பொருத்தியிருக்கிறார்கள். அது வெளியிலிருந்து ஒட்டிய கண்ணாக இருக்க முடியாது, ஏனென்றால் இமை விளிம்பு கண்ணின் மேல் படிந்து நிற்கிறது. கண் உள்பக்கமாக வந்திருக்க வேண்டும். அப்படியென்றால் ஒரு கட்டத்தில் அந்த முகம் தலையிலிருந்து தனியாகக் கழன்றிருந்தது என்று அர்த்தம்.

இந்த வேலை ஜப்பானில் எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் பழையது. புத்தர் சிலைகளுக்காகப் பிறந்த ஒரு நுட்பம் சட்டை போட்ட மனிதர்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பது சுவாரசியமான கதை. அதற்கு முதலில் மரம் ஏன் வெடிக்கிறது என்று தெரிய வேண்டும்.

மரம் வெடிக்கும்

ஒரு சின்னப் பரிசோதனை. வெட்டிப் போட்ட பச்சைக் கிளை ஒன்றை எடுத்து, தோசை கனத்துக்கு இல்லாமல் இரண்டு விரல் கனத்துக்கு வட்டமாக அறுத்து, நிழலில் வைத்துவிடுங்கள். சில வாரங்களில் விளிம்பிலிருந்து நடு நோக்கி ஆப்பு வடிவில் ஒரு வெடிப்பு விழுந்திருக்கும். கேக்கில் ஒரு துண்டை எடுத்துவிட்ட மாதிரி.

மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்குவதில்லை என்பதுதான் காரணம். ஆண்டு வளையங்களின் போக்கில் அது சுருங்குவது, நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. வட்டம் சுற்றளவில் குறுகப் பார்க்கிறது, குறுக்களவு விடமாட்டேன் என்கிறது, கடைசியில் கிழிகிறது. போதாததற்கு வெளிப்புறம் சீக்கிரம் காய்ந்துவிடும், உள்ளே ஈரம் நிற்கும். தச்சர்கள் மரத்தை ஆண்டுக்கணக்கில் ஆறப் போடுவது இதனால்தான்.

ஒரு முழு அடிமரத்தில் ஆளுயரச் சிலை செதுக்கினால் என்ன ஆகும்? செதுக்கி முடித்து வண்ணமும் பூசிய பிறகு ஒரு நாள் நெற்றி பிளந்து நிற்கும். ஜப்பானியச் சிற்பிகள் ஒரே மரத்தில் செதுக்குவதை இச்சிபோகு-ஸுகுரி என்பார்கள். 9ஆம் நூற்றாண்டுச் சிலைகள் பல இப்படித்தான் இருக்கின்றன. கனமான உடம்பு, அழுத்தமான மடிப்புகள், பார்த்தாலே அடிமரத்தின் பாரம் தெரியும். எனக்கு அவை ரொம்பப் பிடிக்கும். ஆனால் வெடிப்புத் தொல்லை தீரவில்லை. அதனால் முதுகுப் பக்கம் குடைந்து உள்ளிருந்த மரத்தை எடுத்தார்கள். உட்பக்கமும் காற்றுப் பட்டால் இரண்டு புறமும் சேர்ந்து காயும், இழுபறி குறையும். இந்தக் குடைவுக்கு உச்சிகுரி என்று பெயர். அடுத்த கட்டமாக, பாதி செதுக்கிய சிலையையே நார் ஓட்டத்தின் வழியே உளி வைத்து இரண்டாகப் பிளந்து, நன்றாகக் குடைந்து, மறுபடி சேர்த்தார்கள். சிலையைப் பிளக்கத் துணிந்த கை யாருடையதோ, அதற்கு நெஞ்சழுத்தம் அதிகம்தான்.

துண்டு துண்டாக ஒரு புத்தர்

பிளந்து சேர்க்கலாம் என்றால், முதலிலேயே தனித்தனித் துண்டுகளில் தொடங்கினால் என்ன? அதுதான் யோசெகி-ஸுகுரி, அதாவது கூட்டுமரச் சிற்பம். தலைக்கும் மார்புக்கும் சில கட்டைகள், மடித்த கால்களுக்குக் குறுக்காக ஒரு கட்டை, கைகளுக்கு வேறு. ஒவ்வொன்றையும் பொருத்திப் பார்த்து, தோராயமான வடிவம் கொடுத்து, பிரித்து, உட்புறத்தைக் குடைந்து, திரும்பச் சேர்ப்பார்கள். ஒட்டுவதற்கு, அரக்குத் தரும் உருஷி மரத்தின் பாலில் கோதுமை மாவைக் குழைத்த பசை. பிடிப்புக்கு ‘ப’ வடிவ இரும்பு ஆணிகள். மேலே அரக்குப் பூச்சு, தங்க இலை.

இந்த முறையை முழுமையாக்கியவர் ஜோச்சோ என்ற சிற்பி. கியோத்தோவுக்குப் பக்கத்தில் உஜியில் உள்ள பியோதோயின் கோயிலின் அமிதாப புத்தர் அவர் செய்தது. ஆண்டு 1053. உயரம் சுமார் 2.8 மீட்டர். ஜோச்சோ செய்ததென்று உறுதியாகச் சொல்லக்கூடிய சிலை இது ஒன்றுதான் எஞ்சியிருக்கிறது.

கூட்டுமரத்தால் கிடைத்த லாபம் வெடிப்பு குறைந்தது மட்டுமில்லை. பெரிய சிலைக்குப் பெரிய மரம் தேட வேண்டியதில்லை. சிலையின் எடை குறையும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, வேலையைப் பங்கு போடலாம். ஒருவர் கையைச் செய்யும்போது இன்னொருவர் தலையைச் செய்யலாம், தலைமைச் சிற்பி எல்லோரையும் சுற்றி வந்து மேற்பார்க்கலாம். இது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு நாரா நகரின் தோதாய்-ஜி கோயில் தென்வாசல் சாட்சி. அங்கே எதிரெதிரே நிற்கும் இரண்டு காவல் தெய்வங்களும் 8.4 மீட்டர் உயரம். 1203இல் உன்கெய், காய்கெய் முதலானோரின் தலைமையில் ஒரு பட்டறையே இறங்கி 69 நாளில் முடித்தது. 1988 முதல் 1993 வரை அவற்றைப் பழுது பார்க்கப் பிரித்தபோது, ஒவ்வொன்றும் மூவாயிரம் அளவிலான துண்டுகளால் ஆனது என்று தெரிந்தது. கோபத்தில் திமிறும் அந்தத் தசைகள் எல்லாம் தனித்தனிப் பலகைகள்!

குடைந்த சிலைக்குள் காலியிடம் இருந்தால் மனிதன் சும்மா இருப்பானா? சுவடிகள், வேண்டுதல் எழுதிய தாள்கள், சின்னஞ்சிறு சிலைகள் என்று எதையெதையோ உள்ளே வைத்தார்கள். சிலையின் நெஞ்சுக்கு நேராகப் படிகக் கோளம் வைப்பதும் உண்டு. கியோத்தோவின் செய்ர்யோ-ஜி கோயிலில் உள்ள சாக்கியமுனி புத்தர் 985இல் சீனாவில் செய்யப்பட்டு ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்டவர். அவர் வயிற்றுக்குள் பட்டுத் துணியால் தைத்த குடல், இதயம், நுரையீரல் எல்லாமே இருந்தன.

கண்

குடைந்த தலை கிடைத்ததும் அடுத்த யோசனை வந்தது. உள்ளே இடம் இருக்கிறது, கண்ணை ஏன் உள்ளிருந்து வைக்கக் கூடாது?

முறையைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். முகத்தைச் செதுக்கி முடித்ததும், காதுகளை ஒட்டி மேலிருந்து கீழாகப் பிளந்து முகத்தை முகமூடி மாதிரி எடுத்துவிடுவார்கள். அதன் பின்புறத்தைக் குடைவார்கள். இமைகளுக்கு நடுவே கண் அளவுக்குத் துளை விழும்வரை, உளியின் கடைசி வீச்சு மட்டும் இமை விளிம்பைக் காயப்படுத்தாதபடி. பிறகு ஸ்படிகத்தைக் கண்ணாடிச் சில்லு போல் மெல்லியதாகத் தேய்த்து, வெளிப்பக்கம் லேசாகப் புடைத்திருக்க, அந்தத் துளைக்குப் பின்னால் பதிப்பார்கள். கருவிழியை ஸ்படிகத்தின் பின்புறம் தீட்டுவார்கள். கண் ஓரத்தில் சிவப்பில் ஒரு தீற்று. அதற்குப் பின்னால் வெள்ளைத் தாளோ பஞ்சோ வைத்தால் அதுவே வெள்ளை விழி. கடைசியில் ஒரு மரச் சில்லால் அழுத்தி மூங்கில் ஆணி அடித்து, முகத்தைத் தலையில் திரும்ப ஒட்டிவிடுவார்கள்.

இதன் பெயர் கியோகுகான். மணிக்கண் என்று சொல்லலாம். காலம் தெரிந்தவற்றில் முதல் உதாரணம் நாரா பகுதியில் சோகாகு-ஜி கோயிலின் அமிதாப புத்தர், 1151. ஸ்படிகம் தெளிவாக இருப்பதால், விளக்கு வெளிச்சம் அசையும்போது கண்ணில் ஈரம் அசையும். இருட்டான கோயிலுக்குள் எண்ணெய் விளக்கில் இதைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மணிக்கண்ணின் உச்சம் எதுவென்று கேட்டால், நாராவின் கோஃபுகு-ஜி கோயிலில் உன்கெய் குழுவினர் 1212 வாக்கில் செய்த இரண்டு துறவிகள் என்று தயங்காமல் சொல்வேன். ஜப்பானியர்கள் முஜாகு, செஷின் என்கிறார்கள். பெயர் அந்நியமாகத் தெரிந்தாலும் ஆட்கள் நம் துணைக்கண்டத்துக்காரர்கள்தான். காந்தாரத்தில் பிறந்த பௌத்த அறிஞர்களான அசங்கர், வசுபந்து சகோதரர்கள். உன்கெய் அவர்களைப் பார்த்ததில்லை, படமும் கிடையாது. ஜப்பானிய முகங்களையே கொடுத்தார். அசங்கர் வயதானவர். பார்வையைச் சற்றுத் தாழ்த்தியிருக்கிறார். கண்ணில் நீர் கோத்திருப்பது போலவே இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு பழைய தொடர்பையும் சொல்லிவிட வேண்டும். சிலைக்குக் கண் திறப்பது நம் ஊரில் எவ்வளவு பெரிய சடங்கு என்று தெரியும். ஜப்பானிலும் அப்படித்தான். 752இல் தோதாய்-ஜியின் மாபெரும் வெண்கலப் புத்தருக்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டு கண் திறப்பில் பங்கெடுத்தார்கள்.

அறுந்த இழை

இப்படித் தலைமுறை தலைமுறையாக வந்த தொழில் 1868இல் சிக்கலில் மாட்டியது. புதிதாக வந்த மெய்ஜி அரசு, ஜப்பானின் பூர்வீக மதமான ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரிக்க ஆணையிட்டது. பல இடங்களில் கோயில்கள் இடிந்தன, சிலைகள் எரிந்தன, விற்கப்பட்டன. புத்தர் சிலைக்கு ஆர்டர் கொடுக்க ஆள் இல்லாமல் போயிற்று. இன்னொரு பக்கம் அரசு 1876இல் தொடங்கிய கலைப் பள்ளிக்கு இத்தாலியிலிருந்து வின்சென்ஸோ ரகூசா வந்து சிற்பம் கற்பித்தார். களிமண்ணில் வனைந்து, பிளாஸ்டரில் அச்செடுத்து, வெண்கலத்தில் வார்க்கும் மேற்கத்திய முறை.

வித்தியாசம் பொருளில் மட்டும் இல்லை, சிந்தனையிலேயே இருக்கிறது. களிமண்ணில் வைத்தும் எடுத்தும் பார்க்கலாம். மூக்கு பிடிக்கவில்லையா, பிய்த்துவிட்டு வேறு வை. மரத்தில் எடுத்தது எடுத்ததுதான். செதுக்குகிறவர் உருவம் எங்கே முடிகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

புத்தர் சிலைப் பட்டறையில் சிறுவனாகச் சேர்ந்து தொழில் கற்ற தகாமுரா கோவுன் (1852–1934) இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். ஏற்றுமதிக்குத் தந்தச் சிற்பம் பணம் கொட்டிய காலத்திலும் மரத்தை விடவில்லை. 1889இல் தோக்கியோ கலைப்பள்ளியில் ஆசிரியரானார். 1893 சிகாகோ கண்காட்சிக்கு அவர் அனுப்பிய முதிய குரங்கு இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கையில் கழுகின் இறகுகளைப் பற்றிக்கொண்டு வானத்தை முறைக்கும் குரங்கு. வேடிக்கை என்னவென்றால், அவர் மகன் கோதாரோ பிரெஞ்சுச் சிற்பி ரோதாவின் பக்தராகி மேற்கத்திய வழியில் போனார். கோவுனின் வட்டத்தில் வளர்ந்த ஹிராகுஷி தென்ச்சு மரத்தோடு நின்று 107 வயது வரை வாழ்ந்தார். நூறு வயதை ஒட்டியும் இன்னும் முப்பது ஆண்டு வேலைக்கு மரம் வாங்கிப் போட்டவர். அந்தக் கற்பூர மர அடி கோதாயிராவில் அவர் வீட்டு அருங்காட்சியகத்தில் செதுக்கப்படாமலே நிற்கிறது.

கத்சுரா எப்படி மரத்துக்கு வந்தார்

கத்சுரா ஃபுனாகோஷி 1951இல் மொரியோகாவில் பிறந்தார். தந்தை யாசுதாகே ஃபுனாகோஷி பெயர் பெற்ற சிற்பி. கல்லில் நேராகச் செதுக்குவதிலும் வெண்கலத்திலும் தேர்ந்தவர், கத்தோலிக்கர். நாகசாகியில் 26 கிறிஸ்தவ மறைசாட்சிகள் வரிசையாக நிற்கும் நினைவுச் சின்னம் (1962) அவருடையது. மகனும் சிற்பம் படித்தான். ஆனால் அது 1970கள். கல்லையும் இரும்புத் தகட்டையும் கட்டையையும் இருந்தபடியே தரையில் வைத்து, ‘இதோ பொருள்’ என்று காட்டிய மோனோ-ஹா குழுவின் பேச்சு அடங்காத நேரம். மனித உருவம் செதுக்குகிறேன் என்றால் பழைய ஆள் என்று நினைப்பார்கள்.

1977இல், முதுகலை மாணவராக இருக்கும்போது, ஹாகோதாதே அருகிலுள்ள டிராப்பிஸ்ட் மடத்துக்கு அன்னை மரியும் குழந்தையும் சிலை செய்யும் வாய்ப்பு வந்தது. கற்பூர மரத்தில் செய்தார். அந்த மரம் அவர் கைக்கு ஒத்துப்போனது, பிறகு கடைசி வரை விடவில்லை. ஆகப் பௌத்தச் சிற்பிகளின் நுட்பத்துக்கு அவரைக் கொண்டுபோய் விட்டது ஒரு கிறிஸ்தவ மடம். ‘மரபுக்குத் திரும்பினார்’ என்று எழுதும்போது, யாரோ கொள்கை முழங்கிவிட்டுக் கிளம்பியது போல நமக்குத் தோன்றிவிடுகிறது. இங்கே நடந்தது அப்படி இல்லை. ஒரு வேலை வந்தது, மரம் பிடித்துப்போனது, அவ்வளவுதான்.

கற்பூர மரம் என்றதும் நம்மவர்களுக்கு மூக்கில் வாசம் வந்திருக்கும். சரிதான், கற்பூரத்தின் ஒரு வகையை இந்த மரத்திலிருந்தே காய்ச்சி எடுத்தார்கள். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து தயாராவது, அது வேறு விஷயம். பூச்சி அண்டாது, செதுக்க இணங்கும். ஜப்பானில் 7ஆம் நூற்றாண்டின் மரச் சிலைகளில் பெரும்பாலானவை கற்பூர மரமே. ஹோர்யு-ஜி கோயிலின் ஒல்லியான குதாரா கன்னோன் என்ற போதிசத்துவர் சிலை அதில்தான் செய்யப்பட்டது. பிற்காலத்தில் சிற்பிகள் ஹினோக்கி என்ற சைப்ரஸ் வகை மரத்துக்கு மாறினார்கள். கத்சுரா எடுத்தது அதற்கும் முந்தைய மரம்.

அவர் வேலை செய்த விதம்: முதலில் ஆளுயரத்துக்குத் தாளில் வரைவார். அந்த ஓவியமே தனிப் படைப்பாக நிற்கும் தரத்தில் இருக்கும். பிறகு கட்டையில் செயின்சாவால் தோராயமாக வெட்டி, உளியும் கொட்டாப்புளியுமாக இறங்குவார். தலை தனி, உடல் தனி. தலையைப் பிளந்து குடைந்து, பின்பக்கமாகக் கண்ணைப் பொருத்துவார். ஸ்படிகத்துக்குப் பதில் பளிங்கு. தந்தை கல் சிற்பி, மகன் மரச் சிற்பி, மகனின் மர முகத்துக்குள் கல் கண். இது கொஞ்சம் அதிகப்படியான வாசிப்பாகவும் இருக்கலாம், ஆனாலும் தோன்றாமல் இல்லை. மேலே மெல்லிய வண்ணம், உளித்தடம் தெரியும்படி. தங்க இலை கிடையாது, உதவிக்குப் பட்டறைப் படையும் கிடையாது.

பொருள் மாறியதும் பார்வையும் மாறியது. ஸ்படிகத்தில் வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி வரும், அதனால் கண் உயிரோடு உங்களைப் பார்க்கும். பளிங்கில் வெளிச்சம் மேலோட்டமாகவே ஊறி நிற்கும். உன்கெய்க்கு வேண்டியிருந்தது எப்போதோ இறந்த துறவி இங்கே வந்து உட்கார்ந்திருப்பது. கத்சுராவின் ஆட்கள் இங்கேதான் நிற்கிறார்கள், மனசு மட்டும் வேறெங்கோ. வந்து சேர்வதற்கான நுட்பத்தை விலகிப் போவதற்குப் பயன்படுத்தியிருக்கிறார். என் கணக்கில் அவருடைய சாதனை இதுதான்.

1988 வெனிஸ் பியெனாலே கலைக் கண்காட்சியில் ஜப்பான் அரங்குக்கு அவர் சிற்பங்கள் போயின, 1992இல் ஜெர்மனியின் டாக்குமெண்டா கண்காட்சிக்கு. 2000களில் சட்டைகள் கழன்றன. ஸ்பிங்க்ஸ் வரிசையில் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத நிர்வாண உடல்கள், தோல் பட்டை போலத் தொங்கும் நீண்ட காதுகள். சில உருவங்களுக்குத் தோளில் கை முளைத்திருக்கிறது, அதுவும் பின்னாலிருந்து. பார்க்க அதிர்ச்சிதான். ஆனால் கூட்டுமரம் தெரிந்தவர்களுக்கு ஒன்று புரியும்: கையைத் தனியாகச் செய்து சேர்க்கும் முறையில், அதை எங்கே சேர்க்க வேண்டும் என்று மரம் சொல்லப்போவதில்லை.

2024 மார்ச்சில் நுரையீரல் புற்றுநோயில் காலமானார். அந்தக் கோடையில் ஹாகோனே திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நடந்த கண்காட்சிக்கு அவரே தயாராகிக்கொண்டிருந்தார்.

பழைய உளியை எடுத்தவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. 1969இல் பிறந்த யோஷிஹிரோ சுதா, மக்னோலியா வகை மரத்தில் களைச்செடிகளைச் செதுக்குகிறார், இலை கனத்துக்கு இலை. நாவோஷிமா தீவின் அருங்காட்சியகத்தில் கான்கிரீட் சுவரின் இடுக்கில் அப்படி ஒரு களை முளைத்திருக்கிறது. தெரியாதவர்கள் கடந்து போய்விடுவார்கள். ஹாரோஷி என்பவர் உடைந்த ஸ்கேட்போர்டுப் பலகைகளை அடுக்கி ஒட்டிச் செதுக்குகிறார். வண்ண வண்ண அடுக்குகளே அவருக்கு மரத்தின் ரேகை. உன்கெய் சிலைக்குள் படிகக் கோளம் வைத்ததை நினைத்து, தன் சிற்பத்துக்குள் உடைந்த ஸ்கேட்போர்டின் ஓர் உலோகத் துண்டை வைத்து மூடுகிறார். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

எப்போதாவது நாரா போக நேர்ந்தால் தென்வாசலுக்கு டிக்கெட் வேண்டாம், அது பொது வழி. மான்கள் பிஸ்கட்டுக்காகச் சட்டையை இழுக்கும், கொஞ்சம் சமாளித்துக்கொள்ளுங்கள். வாசலுக்குள் நின்று மேலே பார்த்தால் வலைக்குப் பின்னால் அந்த இரண்டு பேரும் இருப்பார்கள். கண்ணை முதலில் பார்க்காதீர்கள், இவர்களுக்கு மணிக்கண் கிடையாது. தோளிலிருந்து கைக்கு இறங்கும் இடத்தில் நேர்கோடாக ஓடும் இணைப்பு எங்காவது தட்டுப்படுகிறதா என்று தேடுங்கள். ஒன்று கண்ணில் பட்டால் அடுத்தடுத்துத் தெரியத் தொடங்கும்.